பொறியின்மையும் பழியும்

தாரமங்கலத்துக் கோயிலின் சிற்பங்களைக் கண்டு களித்த கண்களோடு இன்னும் சிறிது தூரம் சென்று ஜலகண்டாபுரத்துத் தெருக்களுள் நுழைகிறவனுக்கு, அங்கே கண்ணைவிடக் காதுக்கே அதிக வேலை. வீட்டுக்கு வீடு தறியோசை. அவ்வூரில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் நான் அமர்ந்திருந்தபோது, அவ்வீட்டு அம்மாள் ஐந்தாம் வகுப்பிலே படிக்கும் தம் மகனுடைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"போன ஜென்மத்துல நாங்க என்ன பாவம் பண்ணுனோமோ தெரியலீங்கய்யா, பையனுக்கு எழுத்தே ஏறமாட்டேங்குதுங்க. பேசாமத் தறிக்கே உட்டுரலாம்னு அவங்கப்பா சொல்றாருங்க."

புத்தகத்தைப் புரட்டினேன். 'பள்ளி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பல்லி' என்றிருந்தது. முன்னே நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நின்றது. ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டு, மூன்றின் மேலும் சிவப்பு மை குறுக்கே ஓடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே உள்ளே ஓடிய தறியின் ஓசையில், என் செவிக்குச் சற்றும் புலப்படாத ஏதோ ஒரு பேதம் உண்டாயிற்றுப் போலும். தூணோரம் தலைகுனிந்து நின்ற அப்பிள்ளை சட்டென்று உள்ளே ஓடி, தறியை நிறுத்தி, பாவில் ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே அறுந்துபோன ஓரிழையைத் தேடிப் பிடித்து முடிந்துவிட்டு, மறுபடியும் வந்து அதே தூணோரம் அதே விதமாகத் தலைகுனிந்து நின்றான். இவனையா மந்தன் என்கிறார்கள் என்று எனக்குத் திகைப்பாயிருந்தது. அந்தத் தாயின் கேள்வி இன்னும் பெரிது. இது யார் செய்த பாவம் என்று அவர் கேட்டார்.

கர்மம் என்னும் கொள்கையை இகழ்ந்து பேசுவது என் நோக்கமன்று. தான் செய்ததன் பயனைத் தானே அனுபவிக்க வேண்டும் என்ற நம்பிக்கை அநேகரைத் தீச்செயலினின்று தடுத்திருக்கிறது. தாங்கவொண்ணாத துன்பத்திலும் மனம் உடையாமல் காத்திருக்கிறது. ஆனால் தன் வாழ்வைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்வதற்காகத் தோன்றிய அந்தக் கண்ணாடியை எடுத்துப் பிறன் முகத்துக்கு நேரே, அதிலும் பத்து வயதுப் பாலகன் முகத்துக்கு நேரே, பிடிக்கிறபோது அது தர்மத்தின் வேலையைச் செய்வதில்லை. எழுத்து வராத பிள்ளைக்குத் தலையெழுத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

யார் செய்த பாவம் என்னும் இக்கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று ஏசுநாதரிடம் கேட்டதாகவும், இருவருமல்லர் என்று அவர் விடையிறுத்ததாகவும் யோவானின் சுவிசேஷம் கூறுகிறது. ஆயினும் என் மனத்தை அதிகமாகப் பற்றிக்கொண்டது பௌத்த நூல்கள் சொல்லும் சூளபந்தகர் சரித்திரமே. தம்முடைய தமையனாரான மகாபந்தகரைப் பின்பற்றித் துறவு பூண்ட இவருக்கு, நான்கு மாத காலம் முயன்றும் ஒரே ஒரு சுலோகம்கூட மனத்தில் நிற்கவில்லை. தமையனாரே, நீ இந்தச் சங்கத்துக்குத் தகுதியற்றவன், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார். வாயிலில் அழுதுகொண்டு நின்றவரைப் புத்தர் பெருமான் கண்டு, சுலோகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தூய வெள்ளைத் துணியொன்றைக் கையில் கொடுத்து, அழுக்கு நீங்குக என்னும் பொருளுடைய ஒரு சொல்லை உச்சரித்தபடியே அதைத் தடவிக்கொண்டிரு என்றார். தடவத் தடவத் துணி மாசுபடுவதை விரல்களாலும் விழிகளாலும் உணர்ந்த அந்தத் 'தடித்த அறிவுடையவர்', எல்லாம் மாறும் என்ற உண்மையைக் கண்டு அருகத நிலையை எய்தினார். செவிவழி நுழையாதது விரல்வழி நுழைந்தது. மாணவர் மாறவில்லை, உபாயம் மாறிற்று.

அவருக்கு அந்த மந்தம் நேர்ந்ததற்கு உரையாசிரியர்கள் கூறும் முற்பிறவிக் காரணமும் ஊன்றி நோக்கத்தக்கது. முன்னொரு பிறவியில் கல்வியிற் சிறந்தவராயிருந்த அவர், பாடம் ஏறாமல் தவித்த துறவி ஒருவரைப் பார்த்துச் சிரித்தாராம். சிரிக்கப்பட்டவர் வெட்கி, கற்பதையே விட்டுவிட்டாராம். அந்தச் சிரிப்பின் விளைவாம் இது. இவ்விளக்கமும் முடிவில் குறையுடையவன் தலையிலேதான் குற்றத்தை ஏற்றுகிறது என்பதை நான் மறைக்கவில்லை, அவ்வளவில் அதை நான் ஏற்கவுமில்லை. ஆனால் கர்மக் கணக்கை மனப்பூர்வமாக நம்பிய அப்பெரியோரே, அக்கணக்கில் பாவமென்று பதிந்து வைத்தது எதை? கல்லாமையை அன்று, கல்லாதவனைப் பரிகசித்ததை. வகுப்பறையில் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லி, அவன் திக்கும்போது மற்றப் பிள்ளைகளின் சிரிப்பைத் தடுக்காமலிருக்கும் ஆசிரியர் எவராயினும் இக்கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

நம்முடைய தமிழ் மரபு இதில் குற்றமற்றது என்று நான் சொல்லத் துணியேன். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று தரம் பிரித்தார். கள்வனுக்கும் பாவிக்கும் நூல் சொல்லலாகாது என்று வகுத்த அதே வரிசையில் பிணியனையும் மந்தனையும் சேர்த்து வைத்தார். நோயுற்றிருப்பதும் மெல்ல உணர்வதும் களவோடு ஒரு பந்தியில் அமரவேண்டிய குற்றங்களா? நன்னூலாரிடத்தில் எனக்குள்ள பக்தி குறைவுபட்டதன்று. ஆயினும் இந்த இடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. ஓட்டைக்குடம் என்று மாணவனை அழைத்தவர், ஓட்டை எங்கே இருக்கிறதென்று பார்க்கச் சொல்லவில்லையே!

பார்க்கச் சொன்னவர் வள்ளுவர். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது, அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்கிறார். 'பொறி' என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி என்று பொருள் கொண்டார். வேறு சிலர் உடலுறுப்பு என்று கொள்கின்றனர். எது பொருத்தம் என்று புலவர்கள் வாதிடட்டும். ஜலகண்டாபுரத்து அம்மாளுக்கு இரண்டு பொருளும் ஆறுதலே: குறை விதியால் வந்ததாயினும் பழியில்லை, உறுப்பால் வந்ததாயினும் பழியில்லை. முயலாமைக்கு முன்னே 'அறிந்து' என்று ஒரு சொல்லை வைத்தாரே, அதில்தான் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் சமூகத்துக்கும் உரிய பொறுப்பு அடங்கியிருக்கிறது. அறியாமல் அடிப்பதும் முயற்சியன்று, அறியாமல் இரங்குவதும் முயற்சியன்று.

அறியவேண்டியது என்ன? கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமல் விழிக்கும் பிள்ளையும், தறியோசைக்கு நடுவே வளர்வதால் காது மந்தமென்று வீட்டாராலேயே கண்டுகொள்ளப்படாத பிள்ளையும், சோகை பிடித்துச் சோர்ந்த பிள்ளையும் 'படிப்பு வராதவர்கள்' என்ற ஒரே மூட்டையில் கட்டப்படுகிறார்கள். பசியையும் ஒரு காலத்தில் தலைவிதி என்றுதான் சொன்னோம். 1956இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவை விரிவாக ஏற்படுத்திய பின்பு, ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் விதியன்று, வெறும் வயிறே என்பது ஊரறிந்த உண்மையாயிற்று.

இவை ஒன்றுமில்லாமலே எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளைகளும் உண்டு. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், கணக்கிலும் பேச்சிலும் கூர்மையான பதினான்கு வயதுப் பையன் ஒருவன், தன் பெயரைக்கூட எழுத்து மாற்றி எழுதியதை மருத்துவ இதழில் வெளியிட்டார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் இப்பள்ளியில் இவனே முதல்வன் என்பது அவனுடைய உபாத்தியாயரின் அபிப்பிராயம். இன்று டிஸ்லெக்சியா என்று வழங்கப்படும் இது அறிவின் குறைவன்று. ஒலியையும் வடிவத்தையும் இணைக்கும் பாதையில் உள்ள தடங்கல். ல, ள, ழ என்றும், ன, ண, ந என்றும் நெருங்கிய ஒலிகளும், பின்னே ஒலிப்பதை முன்னே எழுதும் கொம்புகளுமாக 247 எழுத்துக்களைக் கொண்ட நம் மொழியில் அத்தடங்கல் எத்தனை இடத்தில் காலை வாரிவிடும் என்று எண்ணிப் பாருங்கள். மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லி, கண், செவி, கை மூன்றையும் ஒன்றாக ஈடுபடுத்துவது இதற்கு உகந்த வழிகளில் ஒன்று என்று இத்துறை அறிந்தோர் சொல்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் நடந்ததும் அதுவே.

பரீட்சையில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தருபவரும் அளிப்பது மற்றவர்களுக்கு அநீதியல்லவா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நான் தண்டியடிகளை நினைவூட்டுவேன். பிறவியிலேயே பார்வையற்ற அவ்வடியார் திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டியபோது, குழியில் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண் சுமந்து ஏறியிறங்கினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. மண்ணைச் சுமந்தவர் அவரே. கயிறு வழிதான் காட்டியது. அந்தக் கயிற்றைச் சலுகை என்று எவரேனும் சொல்வார்களா?

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே அங்கீகரித்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21ஆக விரித்து, கற்றலில் உள்ள குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. அந்த அம்மாளிடம் நான் சொன்னது இவ்வளவே: "பாவம் ஒண்ணும் இல்லீங்கம்மா. முதல்ல கண்ணையும் காதையும் பரிசோதனை பண்ணிப் பாருங்க. அப்புறம் தலைமையாசிரியரைக் கேட்டு, வட்டார வள மையத்துல இருக்கிற சிறப்புப் பயிற்றுநர்கிட்டப் பையனைக் கூட்டிட்டுப் போங்க." உங்கள் தெருவிலும் இப்படியொரு பிள்ளை தூணோரம் தலைகுனிந்து நிற்கக்கூடும், அவன் வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள், அவன் தறிக்கு அனுப்பப்படுவதற்கு முன்னே சொல்லுங்கள்.