கன்றைக் காட்டிக் கறப்பவர்கள்

“ஆடு மாடுகூடத் தன் குட்டியை விட்டுட்டுப் போகாது.” திருச்சியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவி இதைக் கேட்க நேர்கிறது. பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்தோ லால்குடியிலிருந்தோ பேருந்து ஏறி வருபவள். சொல்பவர்களும் கெட்டவர்கள் அல்லர். மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, சில நேரம் பேராசிரியர். இயற்கை ஒன்றைச் செய்கிறது, ஆகவே நீயும் செய்ய வேண்டும் என்கிறார்கள். இந்த ‘ஆகவே’ எங்கிருந்து வருகிறது?

இயற்கையையே பார்ப்போம். சாம்பல் திமிங்கலங்கள் வட துருவத்தை ஒட்டிய கடல்களிலிருந்து 8,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, குளிர்காலத்தில் மெக்சிகோவின் காயல்களுக்கு வந்து ஈனுகின்றன. தாய் அங்கே ஏறக்குறையப் பட்டினி. அவள் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. அத்தனையும் அவள் உடம்பு கரைந்து வருவது. தந்தைக்கு வளர்ப்பில் பங்கில்லை. இதைத் தியாகம் என்று பாடிவிடலாம். ஆனால் ஏழெட்டு மாதத்தில் பால்குடி மறந்ததும் தாயும் குட்டியும் பிரிந்து போகின்றன. விலங்கு விட்டுப் போகும். காலம் வந்ததும் போகும். நம் வாக்கியம் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

1850களில் சார்லஸ் ஸ்காமன் போன்ற வேட்டைக் கப்பல் தலைவர்கள் அந்தக் காயல்களுக்குள் நுழைந்தார்கள். குட்டியை ஈட்டியால் குத்தினால் தாய் விலகாது என்பது வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படி வந்த தாய் படகுகளை உடைத்தபோது அவளுக்குச் ‘சாத்தான் மீன்’ என்று பெயரிட்டார்கள். 1972இல் சான் இக்னாசியோ காயலில் ஒரு திமிங்கலம் தானாகப் படகருகே வர, பிரான்சிஸ்கோ மயோரல் என்ற மீனவர் அச்சத்தோடு அதைத் தொட்டார். பிறகு அதே இனத் தாய்கள் குட்டிகளோடு படகுகளை நெருங்க, ‘நட்புத் திமிங்கலம்’ ஆனார்கள். பெயரிடும் உரிமை இரண்டு முறையும் படகில் இருந்தவர்களிடமே இருந்தது.

கன்று இறந்துபோனால் அதன் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன் நிறுத்திக் கறக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டு. ஈட்டியும் வைக்கோல் கன்றும் ஒரே அறிவிலிருந்து பிறந்தவை: பாசம் எங்கே இருக்கிறதோ அங்கே கயிற்றைக் கட்டு. “ஆடு மாடுகூட” என்பதும் அந்தக் கயிறுதான். பாசம் பொய்யல்ல. மெய்யாக இருப்பதால்தான் அதைக் கொண்டு கட்ட முடிகிறது.

நம் பாக் விரிகுடாவின் கடற்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஈனும். குட்டி ஒன்றரை ஆண்டு வரை பால் குடிக்கும். தாயின் முதுகை ஒட்டியே நீந்தும். 2022இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. எனக்கு அதில் பிடித்தது, அங்கே காக்கப்படுவது கடற்புல் என்பது. ஆவுளியாவின் தாய்மையை யாரும் போற்ற வேண்டியதில்லை. அவள் மேயும் புல் இருந்தால் போதும்.

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரியும். காவிரி வெள்ளத்தால் தாய் அக்கரையில் தங்கிவிட, வலி கண்ட ரத்னாவதிக்கு இறைவனே தாயுருவில் வந்து பேறுகாலம் பார்த்தார் என்கிறது தலபுராணம். அதற்கும் அவர் பெண்ணுருவெடுக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தல்தான். ஆயினும் அந்தக் கதை ஒன்றை ஒப்புக்கொள்கிறது. தாய்மை ஒரு வேலை. வெள்ளம் வந்தால் இன்னொருவர் எடுத்துச் செய்யலாம். அக்கரையில் நின்ற தாயை யாரும் பழிக்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி ஆய்வு மாணவிக்கு 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017இன் சட்டத் திருத்தம். இவைதாம் நம் கடற்புல். ஆகவே தோழி, அடுத்த முறை அந்த வாக்கியம் உன்மீது விழும்போது ஆட்டையும் மாட்டையும் பற்றி வாதாட வேண்டாம். “நம் வளாகத்தில் காப்பகம் எங்கே இருக்கிறது?” என்று கேள்.