ஆவலும் அக்கறையும்

அறியும் ஆவலை ஆங்கிலத்தில் 'கியூரியாசிட்டி' என்பர். அச்சொல்லின் வேர் 'கூரா' என்னும் இலத்தீன் சொல். அக்கறை, கவலை, பராமரிப்பு என்பன அதன் பொருள்கள். நோய் தீர்த்தலைக் குறிக்கும் 'கியூர்', அருங்காட்சியகப் பொருள்களைப் பேணுபவரைக் குறிக்கும் 'கியூரேட்டர்' ஆகிய சொற்களும் அவ்வேரில் கிளைத்தவையே. அக்கறையின் பிள்ளையாகப் பிறந்த சொல், காலப்போக்கில் தாயை மறந்து வெறும் ஆவலாக எஞ்சியது.

ஓர் ஆங்கிலப் பழமொழியும் இவ்வாறே மாறியிருக்கிறது. ஆவல் பூனையைக் கொன்றுவிடும் என்று இன்று சொல்கிறார்கள். 1598-இல் அரங்கேறிய பென் ஜான்சனின் நாடகத்திலோ பூனையைக் கொல்வது ஆவலன்று, கவலை. அந்த இடத்தில் ஆவல் வந்தமர்ந்தது நெடுங்காலம் கழித்தே.

நம் தமிழிலும் 'விசாரம்' என்பது கவலையையும் குறிக்கும், ஆராய்தலையும் குறிக்கும். நோயாளியை நலம் விசாரிக்கிறோம், குற்றவாளியையும் விசாரிக்கிறோம். சொல் ஒன்றே, செயல்கள் இரண்டு. அவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எது?

திருமறையின் 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனம் பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அதேவேளை, நோயுற்றவரைச் சென்று காண்பதை ஒரு முஸ்லிம் மற்றவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வைத்தார்கள். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பதையும் கண்டித்தார்கள். அடுத்த வீட்டின் பசியை அறியாமல் இக்கடமையை எவ்வாறு நிறைவேற்றுவது? ஆதலின், அறிய முற்படுவதே பிழை என்று கூறிவிட இயலாது.

எண்ணம் தூயதாயின் போதும் என்பர் சிலர். கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய இரு நிகழ்ச்சிகள் வேறு விடை தருகின்றன. ஓர் இரவு, ஒரு வீட்டினுள் தீயசெயல் நடப்பதாகக் கருதிச் சுவரேறி உள்ளே நுழைந்தார்கள். வீட்டிலிருந்தவரோ, துருவி ஆராய்ந்தது, வாயில் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது என மூன்று குற்றங்களை அவர்கள்மீதே சாட்டினார். அதை ஏற்று கலீஃபா திரும்பினார்கள் என்பது வரலாறு. அவர்கள் எண்ணத்தில் மாசில்லை. ஆயினும் சென்ற வழி தவறு.

மற்றோர் இரவு, மதீனாவுக்கு வெளியே அடுப்பொளி தெரிந்தது. குழந்தைகளின் அழுகுரலும் கேட்டது. எட்ட நின்று ஸலாம் கூறி, அருகே வரலாமா என்று கேட்டு, அனுமதி பெற்ற பின்பே நெருங்கினார்கள். அடுப்பிலிருந்த பானையில் வெறும் நீர் கொதிப்பதை அறிந்ததும், மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்து, தம் கையாலேயே சமைத்து அக்குழந்தைகளுக்கு ஊட்டச் செய்தார்கள்.

முன்னது சுவரேறி வந்த விசாரணை; பின்னது அனுமதி கேட்டு வந்த விசாரிப்பு. முன்னது குற்றத்தைத் தேடியது. பின்னது தேவையைத் தேடிக் கண்டு, அதன் சுமையையும் ஏற்றது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தீமையைத் தடுக்க முனைபவருக்கு, அத்தீமை துருவாமலே வெளிப்பட்டிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை விதிக்கிறார்கள்.

இன்று நம்மிடையே மணமாகிச் சில ஆண்டுகளேயான பெண்ணிடம், "இன்னும் குழந்தை இல்லையா?" என்று கூட்டத்தின் நடுவே கேட்கிறார்கள். மணவிலக்குப் பெற்றவளிடம் காரணம் கேட்கிறார்கள். கேட்பவர் அதை அக்கறை என்கிறார். கேட்கப்பட்டவளோ அடுத்த விருந்துக்கு வருவதில்லை. மறுபுறம், எதிலும் தலையிடலாகாது என்னும் நாகரிகத்தால், அடுத்த கதவுக்குப் பின்னால் முதியவர் ஒருவர் நாட்கணக்கில் படுத்திருப்பதையும் அறியாது வாழ்கிறோம். முன்னதற்கு அஞ்சிப் பின்னதைத் தழுவுவது அறமாகாது.

ஆகவே வினா எழுப்புமுன் இரண்டை நம்மையே கேட்டுக்கொள்ளல் நன்று. விடை கூறாதிருக்க அவருக்கு இடமளித்திருக்கிறோமா? விடை கிடைத்தால் அவருக்காக எதைச் சுமக்கப் போகிறோம்? இவ்விரண்டிற்கும் விடையுண்டெனில், தயங்காது சென்று கதவைத் தட்டலாம்.