அந்தோனியார் பார்த்துக்கொள்வார்

புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குச் செல்வோர் பெரும்பாலும் கல்லைக் காணவே செல்கின்றனர். மேலைக்கோயில் எனும் குடைவரையை ஒட்டிய பாறையில் பொறிக்கப்பட்டுள்ள இசைக் கல்வெட்டு, ஏழாம் நூற்றாண்டினது என்பர். சுரங்களை வரிவரியாகக் கல்லில் எழுதிவைத்த அத்தகைய சாசனம் வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று. ஆயிரங்கால் மண்டபமும் அதன் சிற்பங்களும் மற்றொரு கவர்ச்சி. நமக்கோ, அவ்வூரின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது கல்லன்று. அப்பெயருக்குக் காரணமாகக் கூறப்படும் கதைதான்.

கோயில் அர்ச்சகர் ஒருவர், இறைவனுக்குச் சாத்திய பூமாலையைத் தாம் விரும்பிய பெண்ணுக்குச் சூட்டியிருந்தார். எதிர்பாராத வேளையில் மன்னன் வழிபட வந்துவிட்டான். அர்ச்சகர் பதறிப்போய் அந்த மாலையையே வாங்கிப் பிரசாதமாக மன்னனுக்கு அளித்தார். அதில் ஒரு தலைமயிர் இருந்தது. இது எப்படி வந்தது என்று மன்னன் வினவ, இறைவனின் குடுமியிலிருந்து வந்தது என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார். காட்டு என்றான் மன்னன். தம் அடியாரைக் காப்பாற்ற இலிங்கத் திருமேனியில் உண்மையாகவே குடுமி தோன்றியது என்பது தலவரலாறு. சிகாநாதர் என்ற திருப்பெயரும் குடுமியான்மலை என்ற ஊர்ப்பெயரும் இதனால் வந்தனவாம்.

பிற சமயத்தார் போற்றும் ஒரு கதையை மறைமாவட்ட இதழில் நாம் ஏன் எடுத்துரைக்கிறோம் என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அந்த அர்ச்சகரின் இடத்தில் நாமும் ஒருமுறை நின்றிருக்கிறோம் என்பதே காரணம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 4, தவக்கால முதல் வாரத்தின் புதன்கிழமை. குடுமியான்மலையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் பங்கு இல்லத்திற்கு வந்தனர். தாய்க்கு எண்பதை நெருங்கும் வயது. மகள் வயல்வேலை செய்து குடும்பத்தைத் தாங்குபவர். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குச் செல்லப் பெயர் கொடுத்து, பணமும் கட்டியிருந்தனர். மறுநாள் இராமேசுவரம் புறப்பட வேண்டும். இளவயதில் செய்த நேர்ச்சை ஒன்று அந்த மூதாட்டிக்கு நிறைவேறாமலேயே இருந்தது. போர்க்காலத்தில் திருவிழாவே நின்றுபோன ஆண்டுகள் பல. மகள் நம்மிடம் கேட்ட கேள்வி இதுதான்: "டிவியில என்னென்னமோ சொல்றாங்க சாமி. ஆத்தாளக் கூட்டிக்கிட்டுப் போகலாமா, வேண்டாமா?"

(இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று, திண்ணையில் கேட்டது. அங்கே கேட்டிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டோம்.)

அன்று நாம் அறிந்தவை குறைவல்ல. உலக நலவாழ்வு நிறுவனம் சனவரி 30 அன்றே சர்வதேச நெருக்கடி நிலையை அறிவித்திருந்தது. அதே நாளில் கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். இத்தாலியிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு நோய் கண்ட செய்தியும் அந்நாட்களில் வெளியாகியிருந்தது. சப்பானின் யோக்கோகாமா துறைமுகத்தில் முடக்கி வைக்கப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலைப் பற்றிப் பிப்ரவரி மாதம் முழுதும் நாளேடுகளில் படித்துக்கொண்டிருந்தோம். இவ்வளவும் அறிந்த நாம், தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலேயே விடையளித்தோம்: "போய் வாருங்கள் அம்மா, அந்தோனியார் பார்த்துக்கொள்வார்."

மூன்று நாட்களுக்கு முன், தவக்கால முதல் ஞாயிறு நற்செய்தியாக நாம் வாசித்தது எது தெரியுமா? கோவில் உச்சியில் நின்ற நம் ஆண்டவரை, வானதூதர்கள் தாங்கிக்கொள்வர், குதியும் என்று அலகை தூண்டிய பகுதி. கடவுளைச் சோதிக்கலாகாது என்று இருபது நிமிடம் மறையுரை ஆற்றியிருந்தோம். நன்றாக இருந்தது என்று சிலர் பாராட்டவும் செய்தனர்.

அவர்கள் போனார்கள். மார்ச் 6, வெள்ளிக்கிழமை, இராமேசுவரத்திலிருந்து விசைப்படகில் பயணம். இரு நாடுகளுக்கும் நடுவே ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவில் குடிநீர் கிடையாது, குடிமக்கள் கிடையாது. அந்தோனியார் மட்டுமே இருக்கிறார். 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு இலங்கைக்குரியதாயிற்று. ஆயினும், கடவுச்சீட்டு இன்றியே நம் மக்கள் அங்குச் சென்றுவர அதே உடன்படிக்கை இடமளித்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வருவோர் ஒருபுறம், இராமேசுவரம், தங்கச்சிமடம் பகுதியினர் மறுபுறம். கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்ப்பவனி, விடியலில் திருப்பலி. ஆண்டில் ஓரிரவு மட்டும் உறவுகள் கூடிப் பேசும் மணல் அது. மூதாட்டி அம்மணலில் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு சிலுவைப்பாதை முழுதும் நடந்தாராம்.

மார்ச் 7, சனிக்கிழமை காலை, அங்கே திருவிழாத் திருப்பலி நடந்தது. தமிழ்நாட்டின் முதல் நோயாளி உறுதிசெய்யப்பட்ட நாளும் அதுவே. 11-ஆம் தேதி இதனை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தனர். அம்மாதம் முடிவதற்குள் நாடே கதவடைத்துவிட்டது, நம் ஆலயங்களும்.

தாய்க்கும் மகளுக்கும் ஒன்றும் நேரவில்லை. காய்ச்சல்கூட வரவில்லை. 2021-ஆம் ஆண்டு கச்சத்தீவுத் திருவிழாவுக்கு இந்தியத் திருப்பயணிகள் அனுமதிக்கப்படவில்லை. அவ்வாண்டு ஆவணி மாதத்தில் மூதாட்டி மூப்பினால் இறைவனடி சேர்ந்தார். அடக்கச் சடங்கு முடிந்து கல்லறையைவிட்டுத் திரும்புகையில் மகள் நம்மிடம் சொன்னார்: "நல்ல வேளை சாமி, அன்னைக்கு நீங்க போகச் சொன்னீங்க. இல்லேன்னா ஆத்தா அந்த ஏக்கத்தோடயே போயிருக்கும்." நம் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நன்றியைப் பெற்றுக்கொள்ளும் தகுதி நமக்கு இருந்ததா? இக்கேள்வி அன்றுமுதல் நம்மை விடவில்லை.

விளைவு நன்றாயின் செயலும் நன்று என்று உலகம் எளிதாகத் தீர்ப்பளித்துவிடுகிறது. அத்தீர்ப்பு எவ்வளவு தடுமாறக்கூடியது என்பதை அக்காலத்துக் கப்பல்கள் இரண்டு காட்டின. டைமண்ட் பிரின்சஸ் 2020 சனவரி 20 அன்று யோக்கோகாமாவிலிருந்து தீவுகளையும் துறைமுகங்களையும் சுற்றிவரப் புறப்பட்டது. சீனத்தில் ஏதோ ஒரு காய்ச்சல் என்பதற்குமேல் பயணிகள் அறிந்திருக்க நியாயமில்லை. அக்கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேரை நோய் பற்றியது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 'வெஸ்டர்டாம்' என்ற மற்றொரு கப்பலில், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின், பிப்ரவரி 1 அன்று ஆங்காங்கில் புதிய பயணிகள் ஏறினர். அதை ஐந்து இடங்களில் கரையேற்ற மறுத்தனர். பிப்ரவரி 13 அன்று கம்போடியா கரம் நீட்டியது. இறங்கியவர்களில் ஒரு பெண்மணிக்கு நோய் உண்டெனப் பேரச்சம் எழுந்தது. அது தவறான முடிவென்று பின்னர்த் தெளிந்தது.

அறியாமல் ஏறியவர்கள் துன்புற்றனர். அறிந்து ஏறியவர்கள் தப்பினர். விளைவைக்கொண்டு நீதி வழங்கப்புகுந்தால் முன்னவர்களை மூடர் என்றும் பின்னவர்களை விவேகிகள் என்றும் சொல்ல நேரிடும். மனச்சான்றுள்ள எவர்க்கும் அது ஒவ்வாது. செயலின் தன்மை, அதைச் செய்த வேளையில் நாம் அறிந்தது எது, அறிந்திருக்கக்கூடியது எது, எதற்காகச் செய்தோம் என்பவற்றில் இருக்கிறதேயன்றி, பிறகு வீசிய காற்றில் இல்லை.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது அறியாமையை இருவகையாகப் பிரித்துக் கற்பித்தனர்: வெல்ல இயலாத அறியாமை, வெல்லக்கூடிய அறியாமை. முன்னது குற்றத்தை நீக்கும்; பின்னது நீக்காது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண்ணும் பெற்றோம். நம்முடைய அறியாமை எவ்வகை? ஒரு தொலைபேசி அழைப்பில் மருத்துவர் ஒருவரைக் கேட்டிருக்கலாம். எண்பதை நெருங்கும் உடலுக்கு இந்நோய் எத்தகையது என்று, கையருகே கிடந்த நாளேட்டையே புரட்டியிருக்கலாம். நாம் அறியாதவர் அல்லர், அறிய முயலாதவர். விசுவாசத்தின் மொழியால் சோம்பலை மூடிக்கொண்டோம். தூய தோமா அக்குவினார், கடவுளைச் சோதிப்பதைப் பக்திக்கு எதிரான பாவங்களுள் ஒன்றாக வைத்து ஆராய்கிறார். மனித முயற்சியால் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டு, கடவுளின் துணையை மட்டும் எதிர்நோக்குவதும் அதில் அடங்கும். பக்தியின்மையால் வரும் பாவம் என்று நாம் எண்ணியிருந்தது பக்தியின் உடையிலேயே வருகிறது.

இன்னொன்றையும் நாம் எண்ணிப்பார்க்கவில்லை. அந்தப் படகில் இருந்தவர்கள் தாயும் மகளும் மட்டுமல்லர்.

டைமண்ட் பிரின்சசில் 138 இந்தியர் இருந்தனர். அவர்களுள் பயணிகள் அறுவர் மட்டுமே. எஞ்சிய 132 பேரும் பணியாளர்கள், தமிழரும் அவர்களில் இருந்தனர். பயணிகளை அவரவர் அறைக்குள் அடைத்தபோது, அறைதோறும் உணவு கொண்டு சென்றவர்கள் இவர்கள். கீழ்த்தளத்தில் ஒரே அறையைப் பகிர்ந்து உறங்கி, ஒன்றாக உண்டு, விடிந்ததும் மீண்டும் தட்டுக்களை ஏந்தினர். உல்லாசப் பயணத்தைத் தேர்ந்துகொண்டவர் வேறு. அதன் இடரைச் சுமந்தவர் வேறு. கரையில் நின்று, பணக்காரருக்கு வந்த வினை என்று பேசியவர்களை நாம் அறிவோம். கப்பலின் அடித்தளம் அவர்கள் கண்ணில் படவில்லை.

இவ்வாறு அடைத்து வைக்கப்படுவது நம் பக்கத்து மக்களுக்குப் புதிதுமன்று. புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றோரை, கடல் தாண்டுமுன் மண்டபம் முகாமில் தடுத்து நிறுத்தி, நோயில்லை என்று உறுதிசெய்த பின்னரே இலங்கை அரசு ஏற்றுக்கொண்டது. 'மண்டபம் கேம்ப்' என்ற பெயர் இன்றும் அவ்விடத்திற்கு நிலைத்திருக்கிறது. கச்சத்தீவு செல்லும் நம் பக்தர்கள் இராமேசுவரம் போகும் வழியில் அதைக் கடந்தே செல்கின்றனர். எத்தனை பேர் திரும்பிப் பார்க்கின்றனரோ!

இறைவாக்கினர் யோனா ஏறிய கப்பலை எண்ணுகிறோம். ஓடியது யோனா, சரக்கைக் கடலில் எறிந்து நட்டப்பட்டவர்கள் மாலுமிகள். அவரோ கீழ்த்தளத்தில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். இப்புயல் தம் பொருட்டே வந்தது என்று பின்னர் அவர் ஒப்புக்கொண்டதை நாம் மெச்சுகிறோம். அதற்குமுன் அவர் உறங்கிய உறக்கத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாமும் மார்ச் 4 இரவு நன்றாகவே உறங்கினோம்.

அப்படியாயின் இடர் உள்ள எந்தப் பயணமும் ஆகாதா? அப்படிச் சொன்னால் தமியான் அடிகளார் 1873-இல் தொழுநோயாளர் தீவான மொலக்காய்க்குச் சென்றதையும் தவறென்று சொல்ல வேண்டிவரும். அவர் அறிந்தே சென்றார். தம் உடலையே ஈடாக வைத்தார். அந்நோயாலேயே 1889-இல் இறந்தார். பிறர் பொருட்டுத் தன்னை இடருக்கு ஒப்புக்கொடுப்பதும், தன் பொருட்டுப் பிறரை இடருக்கு உள்ளாக்குவதும் கடலில் ஒரே வழியில் செல்லும் இரு படகுகள்போலத் தோன்றும், சேருமிடம் வேறு. 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, வீடுகளுக்குள் அடைபட்டவர்கள் சன்னல் வழியே திருப்பலி காணும்படி தெருச்சந்திகளில் பீடங்கள் அமைத்தார் தூய சார்லஸ் பொரோமேயு. பக்தி வழியடைத்து நிற்கவில்லை. வேறு வழி தேடிற்று.

ஆனால் இவ்வளவும் எழுதியபின்னும், அந்த மகள் தன் தாயை அழைத்துச் சென்றது தவறென்று நம்மால் எழுத முடியவில்லை. வாழ்நாள் நேர்ச்சை, முதிர்ந்த வயது, மறு வாய்ப்பு இல்லை எனும் நிலை இவையெல்லாம் உல்லாசத்தோடு ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. அவர் அஞ்சினார், எண்ணினார், தமக்குத் தெரிந்த பெரியவரிடம் வந்து கேட்டார். விவேகம் எனும் புண்ணியம் ஓர் ஏழைப் பெண்ணிடம் எதிர்பார்ப்பது அவ்வளவே. அதை அவர் செய்தார். செய்யத் தவறியவர் விடை சொன்னவர். அவர் சென்றது சரியாகவே இருந்தாலும் நாம் அனுப்பியது தவறு. இவை இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டோம்.

குடுமியான்மலைக் கதையைக் கேட்போர், இறைவன் அடியாரைக் கைவிடவில்லை என்று மகிழ்வர்; மகிழட்டும். அர்ச்சகர் சொன்ன சொல் பின்னர் மெய்யாயிற்று. ஆனால் சொன்ன கணத்தில் அது பொய்தான். மன்னன் போனபின், கருவறையில் தனித்து நின்று அக்குடுமியை அவர் எப்படி நோக்கியிருப்பார் என்பதைத் தலவரலாறு சொல்லவில்லை.

கல்லறையில் நன்றி சொன்ன அம்மகளிடம் இவற்றையெல்லாம் அன்று நாம் சொல்லவில்லை. துயர வேளையில் அவருடைய ஆறுதலைப் பறிப்பது நம் நேர்மைக்குப் புகழ் சேர்க்கலாம்; அவருக்கு எதையும் சேர்க்காது. பல மாதங்கள் கழித்து, ஒருநாள் மாலை சொன்னோம். யோசிக்காமல் சொல்லிவிட்டோம் அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அது அப்பவே தெரியும் சாமி" என்றார்.

அண்மையில் அவர் மீண்டும் வந்தார். கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பேத்தியை அழைத்துச் செல்ல விருப்பமாம். குழந்தைக்கு எத்தனை வயது, கடல் ஒத்துக்கொள்ளுமா, படகில் எத்தனை பேர் ஏறுவர், மிதவை அங்கி தருவார்களா, வீட்டில் யாருக்கேனும் சளி காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தோம். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அன்னைக்கு இதுல ஒண்ணுகூடக் கேக்கலியே சாமி!"