கூரையும் மனச்சாட்சியும்



பங்குனி மாதத்தில் ஒரு நாள் பல்லேபொலப் பக்கத்திற்குப் புது வீடொன்று மந்திரிக்கப் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். முன்புறத்தில் இரண்டு பெரிய தூண்கள், பளபளக்கும் தரைக்கல், அலங்காரக் கேற். செபம் சொல்லி ஒவ்வோர் அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனேன். மேற்குப் பக்கத்து அறைக்குள் கால் வைத்ததும் போறணைக்குள் தலையை விட்டாற் போலிருந்தது. தலைக்கு மேலே சீலிங் இல்லாத தகரம். இருந்த ஒரே ஜன்னலும் மேற்கே பார்த்தது. அந்த அறையிலேதான் வீட்டுக்காரரின் வயதான தாயாருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள்.

சடங்கு முடிந்ததும் எல்லோரும் பலாமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். புது வீட்டுக்குள் இருக்க ஒருவருக்கும் மனமில்லை. "சல்லி முடிஞ்சு போச்சு சுவாமி, சீலிங்கைப் பிறகு பார்ப்பம்" என்றார் வீட்டுக்காரர். நான் தூண்களைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் காசில், என் காணியில், நான் கட்டும் வீடு. அதன் கூரையை நான் எப்படிப் போட்டால் மற்றவனுக்கு என்ன? இக்கேள்விக்கு நமது நாட்டுச் சட்டத்தில் பதில் தேடினால் அதிகம் கிடைக்காது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை, 2008இல் கட்டடங்களின் மின்சக்திச் சிக்கனத்திற்கான விதிக்கோவை ஒன்றை வெளியிட்டது. அது கருதியது நான்கு மாடிக்குக் குறையாத, அல்லது 500 சதுர மீற்றருக்குக் குறையாத பெரிய கட்டடங்களையே. இதே மாத்தளை மாவட்டத்தில் ஜெப்ரி பாவா வரைந்து 1994இல் திறக்கப்பட்ட கந்தளம ஹோட்டல், செடிகொடிகள் மூடிய சுவரும் நிழலுமாக நின்று, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கப் பசுமைக் கட்டடப் பேரவையின் சான்றிதழையும் பெற்றது. உல்லாசப் பயணி தூங்கும் அறைக்கு அளவுகோல் உண்டு. அவருக்குச் சமைத்துப்போடுகிறவர் இரவில் போய்ப் படுக்கும் வீட்டுக்கு?

ஆனால் மிகப் பழைய வீட்டு விதியொன்று நம் வேதாகமத்திலேயே இருக்கிறது. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் தன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு எவராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது. அரண்மனைக்கோ ஆலயத்துக்கோ சொன்ன விதியல்ல இது, சாதாரண குடியானவனுக்குச் சொன்னது. காசு கட்டுகிறவனுடையதுதான், விழுகிறவன் வேறொருவன் அன்றோ! கட்டும்போது கருத்துக் கேட்கப்படாதவர்களுக்கும் அந்த வீட்டின்மேல் ஓர் உரிமை உண்டு என்பதே இதன் உட்கருத்து என நான் எண்ணுகிறேன். நமது வீடுகளில் அவர்கள் யார்? பகலெல்லாம் வீட்டோடு கிடக்கும் கிழவி, அடுப்படியில் நிற்கும் மனைவி, மத்தியானம் தொட்டிலில் கிடக்கும் குழந்தை. கூரையைத் தீர்மானித்தவரோ காலையில் வேலைக்குப் போய்விடுகிறார்.

இனிக் கூரையின் சங்கதிக்கு வருவோம். நாம் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஏழரைப் பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகவே நமக்கு வெப்பம் முக்கியமாகக் கூரை வழியாகவே இறங்குகிறது. அடுத்தபடி மேற்குச் சுவர். காய்ந்த தகரம் அடுப்புத் தணலைப் போலக் கீழே இருப்பவர்மேல் வெப்பக் கதிரை வீசுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். பிறகு மேல்மாடி கட்டலாம் என்று சிலாப் போட்டு விடுகிறவர்களும் பலர். அந்தக் கொங்கிரீட் பகல் முழுதும் குடித்த வெயிலை, பிள்ளைகள் படுக்கப்போகும் நேரத்தில் கக்கத் தொடங்கும்.

வெப்பத்தைத் தடுப்பது கனமல்ல, அசையாமல் அடைபட்ட காற்றே. நாலு சென்ரிமீற்றர் கண்ணாடி நார்ப் பஞ்சு தடுக்கும் வெப்பத்தைச் செங்கல்லால் தடுக்க ஏறக்குறைய எழுபது சென்ரிமீற்றர் சுவர் வேண்டும். அவ்வளவு செலவும் அவசியமில்லை. தகரத்தின் கீழே அலுமினியத் தாளை, பளபளப்புப் பக்கம் கீழே பார்க்க, ஓரங்குல இடைவெளி விட்டுக் கட்டினாலே பெரும்பகுதிக் கதிர் நின்றுவிடும். இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டால் தாள் வீண் (இதை மேசன்மார் பலர் கவனிப்பதில்லை). முகட்டோரத்தில் சூட்டுக் காற்று வெளியேற வழி, நீண்ட தாழ்வாரம், கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மேற்கே ஒரு மரம். இவ்வளவுதான். ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் கட்டிய புகழ்பெற்ற வீட்டின் தடித்த போர்வையும் காற்றுப் புகாத அடைப்பும் குளிருக்காக வகுத்தவை. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் புழுக்கம்தான் மிஞ்சும்.

இதையெல்லாம் எழுதும்போது என் மனம் உறுத்துகிறது. லின்ரல் மட்டத்தோடு கட்டடம் நின்றுபோன குடும்பத்திடம் அலுமினியத் தாளைப் பற்றிப் பேசுவது கொடுமை. லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாகத் தகரத்தின் கீழ் வெந்தவர்களிடம் யார் போய் மனச்சாட்சி கேட்பது? அந்தத் தகரத்தைத் தெரிவு செய்த துரை அதன் கீழ் ஓரிரவும் படுத்ததில்லை. இந்தியாவின் உதவியுடன் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் தோட்டங்களில் எழுந்தபோது, பலர் முதன்முறையாகச் சொந்தக் கூரையைப் பற்றி யோசிக்கும் நிலைக்கு வந்தனர். குறை சொல்ல வேண்டியது இல்லாதவனை அல்ல. தூணுக்கு இருந்து கூரைக்கு இல்லாமற் போன காசைப் பற்றியே நான் பேசுகிறேன்.

ஏசி போட்டுக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம். ஏசி பெட்டிகள் மேன்மேலும் பெருகுவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில் தீங்கான நுகர்வுப் பழக்கத்திற்கு உதாரணமாகவே காட்டினார். நம் அறையைக் குளிர்விக்கும் பெட்டி அந்தச் சூட்டை அயலவர் பக்கம்தானே தள்ளுகிறது!

மழைக்காலம் தொடங்கிய பின் அந்த வீட்டுப் பக்கம் மறுபடியும் போக நேர்ந்தது. தூண்கள் வர்ணம் பூசப்படாமலே நின்றன. உள்ளே ஓர் அறைக்கு மட்டும், மேற்குப் பக்கத்து அறைக்கு, சீலிங் அடித்திருந்தார்கள். தாயாருக்கு அதிலே ஒரே ஒரு குறைதான்: "மழைச் சத்தம் கேக்குதில்ல சுவாமி" என்றார்.