அறத்தின் வாயில் எவருக்காக?

முற்காலத்தில் அறம் செய்வோர் தம் இல்லத்து வாயிலில் திண்ணை அமைத்தனர். வழிநடந்து களைத்தவர் எவருடைய அனுமதியும் வேண்டாமல் அதில் அமர்ந்து இளைப்பாறினர். இன்றைய தொண்டு நிறுவனங்களுக்கு அவற்றின் இணையதளமே திண்ணையும் வாயிலும் ஆகிவிட்டது. அவ்வாயில் எவரை முதலில் வரவேற்க வேண்டும்? கொடுக்க வருபவரையா, கேட்க வருபவரையா? கணினி வல்லுநரிடம் மட்டும் விட்டுவிடத்தக்க வினா அன்று இது. அறநெறியைச் சார்ந்த வினா.

நாம் நேரில் அறிந்த நிகழ்ச்சி ஒன்று. பார்வையற்ற மாணவர் ஒருவர் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவி நாடி ஓர் அறக்கட்டளையின் இணையதளத்தை அணுகினார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அவருடைய அலைபேசியில் இருந்தது. நன்கொடை அளிக்கும் முறை, வரிச்சலுகை, வங்கிக் கணக்கு எண் ஆகிய அனைத்தையும் அது தெளிவாக வாசித்தது. உதவி கோரும் விண்ணப்பமோ, அச்சிட்ட தாளைப் படம்பிடித்து இட்டதாக இருந்தது. அங்கே மென்பொருள் மௌனமாயிற்று. கொடுத்திருந்த தொலைபேசி எண்ணும் பயன்பாட்டில் இல்லை. அவர் நம்மிடம் வந்தபோது இறுதி நாள் கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அவருடைய தந்தை வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தினார்.

அவ்வறக்கட்டளையினர் தீயவர் அல்லர், பலருக்கு உதவியவர்கள். உண்மையைக் கூறின், அம்மாணவர் வரும்வரை நாமும் இதனை எண்ணிப் பார்த்ததில்லை. ஆயினும், எண்ணித் துணிந்து செய்யும் தீங்கு மட்டுமே தீங்கு அன்று. கவனமின்மையால் விளைவதும் தீங்கே.

‘கொடுப்பவர் இல்லையேல் உதவி ஏது? ஆதலால் அவருக்கே முதலிடம்’ என்பர் சிலர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கொடுப்பவர் பொருளைத் தருவது எவருக்காக? துன்புறுவோர்க்காக அன்றோ? அவருக்கு அடைத்த வாயிலைக் கொடுப்பவருக்கு மட்டும் அலங்கரித்துக் காட்டுதல், கொடுப்பவரின் கருத்தையே பழுதாக்குவதாகும்.

இவ்வாயிலைச் செம்மை செய்ய மூன்று பண்புகள் வேண்டும் என நாம் கருதுகிறோம்.

முதலாவது எளிமை. இணையப் பக்கங்களை உடற்குறை உடையோரும் பயன்படுத்துவதற்கான உலகளாவிய நெறிமுறைகள் 1999ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் விரிவுபெற்றன. படத்திற்கு எழுத்தில் விளக்கம் தருதல், எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் நன்கு வேறுபடுதல் போன்றவை அவற்றின் அடிப்படைகள். ‘இதற்குச் செலவிடும் பணம் ஏழையின் உணவிலிருந்து எடுப்பதாகாதா?’ எனின், விண்ணப்பத்தைப் படமாக இடாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்வதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. அசையும் படங்களுக்கும் அலங்காரங்களுக்குமே மிகுதியான பணம் செலவாகிறது.

இரண்டாவது வாய்மை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1853இல் தோன்றிய அறநிலைய ஆணையத்தின் பதிவேட்டில், ஓர் அறநிறுவனத்தின் வரவு, செலவு, அறங்காவலர் பெயர்கள் ஆகியவற்றை இன்று எவரும் இணையத்தில் காணலாம். அரசு கேட்பதனால் மட்டுமன்றித் தாமாகவே கணக்கை வெளியிடுவது நன்று. செய்ததைக் கூறும் நிறுவனம், செய்ய இயலாமற்போனதையும் கூறுமாயின் அதன் சொல்லுக்கு மதிப்பு உயரும்.

மூன்றாவது கண்ணியம். 1984ஆம் ஆண்டு எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது பசியால் வாடிய குழந்தைகளின் படங்கள் உலகெங்கும் பரவின, பொருளும் குவிந்தது. எனினும் அத்தகைய படங்கள் மனிதரைப் பரிதாபப் பொருளாக்குகின்றன என்ற கவலையும் எழுந்தது. 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் படங்களுக்கும் செய்திகளுக்குமான நன்னடத்தை நெறியை வகுத்தன. நம் குழந்தையின் படத்தை எவ்வாறு வெளியிட ஒப்ப மாட்டோமோ, அவ்வாறு பிறர் குழந்தையின் படத்தையும் வெளியிடலாகாது.

சிறு நிறுவனங்களுக்கு இவற்றைச் செய்ய ஆளும் திறனும் குறைவு. அவற்றுக்குத் துணைநிற்கும் அமைப்புகளின் கடமை இங்கேதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் 1919இல் தோன்றிய தன்னார்வ அமைப்புகளின் தேசியக் கழகத்தைப் போன்றவை, தொண்டு நிறுவனங்களுக்கு வழிகாட்டுவதையே தம் தொண்டாகக் கொண்டவை. இத்தகைய அமைப்புகள் பயிற்சியும் மாதிரிப் பக்கங்களும் வழங்கலாம். அதற்கு முன்பாகத் தம் தளத்திலுள்ள முகவரிப் பட்டியலைத் திருத்திக்கொள்ளட்டும். மூடப்பட்ட இல்லத்திற்கு முதியவரை அனுப்பிவைக்கும் பட்டியல் வழிகாட்டி ஆகாது.

அறப்பணியில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் மூன்று திங்களுக்கு ஒருமுறை, உதவி நாடி வருபவராகத் தம்மைக் கருதிக்கொண்டு, சிறிய அலைபேசி ஒன்றில் தம் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பார்ப்பார்களாக. கொடுத்துள்ள எண்ணை அழைத்து, மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்கிறதா என்று அறிவார்களாக. கேட்கவில்லையெனில், அன்றே அதனைத் திருத்துவதும் தானமேயாம்.