பன்னிரண்டு வயதில் குற்றவாளியா?

எல் சால்வடோரில் 2022 மார்ச் இறுதியில் மூன்றே நாளில் 87 பேரைக் கும்பல்கள் கொன்று குவித்தன. உடனே அவசரநிலை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 80,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சிறார் சட்டமும் மாறியது. கும்பலைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவனுக்குக்கூட 10 ஆண்டு வரை சிறை என்று 2022-இல் விதி வந்தது. 16 வயதைத் தாண்டியிருந்தால் 20 ஆண்டு வரை. இது அறமா?

ஆம் என்பவர்களின் பக்கம் வலுவானது. 2015-இல் அங்கே லட்சம் பேருக்கு நூறுக்கும் மேற்பட்ட கொலைகள். பேருந்து ஓட்டுநரும் தெருவோரம் பலகாரம் சுடும் பெண்ணும் கும்பலுக்கு மாமூல் கட்டித்தான் பிழைத்தார்கள். கட்டத் தவறினால் உயிர் போகும். அந்த மக்கள் இன்று விடும் நிம்மதி மூச்சைத் தொலைவில் இருக்கும் எவரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் அந்தச் சிறுவன் கும்பலுக்குள் போன வழியையும் பார்க்க வேண்டும். எம்எஸ்-13 என்ற கும்பல் ஒரு தெருவை ஆண்டது, பாரியோ 18 என்ற கும்பல் அடுத்த தெருவை. எல்லை தாண்டிப் பள்ளிக்குப் போவதே ஆபத்து. முதலில் கிடைப்பது சின்ன வேலைதான்: தெருமுனையில் நின்று, போலீஸ் வண்டி வந்தால் செல்பேசியில் சொல்வது. மறுத்தால் வீட்டுக்கு மிரட்டல் வரும். வசதியிருந்தவர்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். இல்லாதவர்களின் பிள்ளைகள் தெருமுனையில் நின்றார்கள்.

இந்தக் கும்பல்கள் அந்த மண்ணில் முளைத்தவையும் அல்ல. 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடிய குடும்பங்களின் பிள்ளைகள் லாஸ் ஏஞ்சலஸில் சேர்ந்த கூட்டங்கள் அவை. அமெரிக்கா அவர்களை நாடு கடத்தியபோது, போரில் நொடிந்த தேசத்தால் அவர்களுக்கு வேலையோ படிப்போ தர முடியவில்லை. பெரியவர்கள் செய்த இத்தனை பிழையின் கணக்கையும் ஒரு சிறுவன் தலையில் எழுதுவது நீதியாகாது.

அதற்காக அவன் முழு நிரபராதி ஆகிவிட மாட்டான். கொலை செய்தவன் சிறுவனானாலும், இறந்தவரின் தாய்க்கு அவன் பதில் சொல்லியே தீர வேண்டும். கும்பலின் மிரட்டலுக்குப் பணியாமல் நின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய துணிவுக்கும் நாம் மதிப்புத் தர வேண்டும். ஆகவே தண்டனை அவனவன் செய்த செயலுக்கு இருக்கட்டும். எந்தத் தெருவில் பிறந்தான், பெயர் சொல்லாத யாரோ போலீசுக்குப் போன் செய்து என்ன சொன்னார் என்பதை வைத்துத் தண்டிப்பது அநீதி. நிரபராதிகள் சுமார் 8,000 பேரை விடுவித்ததாக அதிபர் புக்கேலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். களையோடு பயிரையும் சேர்த்துப் பிடுங்கியதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மக்களைக் காப்பது அரசின் கடமை. அந்த மக்களில் தெருமுனையில் நின்ற சிறுவனும் ஒருவன். கும்பல் அவனைப் பிடிப்பதற்கு முன்பே அரசு அவனைக் காத்திருக்க வேண்டும். காக்கத் தவறிய அரசு அவனைத் தண்டிக்கலாம். ஆனால் அந்தத் தண்டனைக்குள் ஒரு பள்ளியும், ஒரு தொழிலும், வெளியே வரும் ஒரு நாளும் கட்டாயம் இருக்க வேண்டும்.