மாற்றத்தின் சுமை யார் தோளில்?

அன்றைய பம்பாயின் மாதுங்காவிலும் தில்லியின் கரோல்பாக்கிலும் குடியேறிய தமிழர் பலரை இரயில் ஏற்றிவிட்ட கல்வி தட்டச்சும் சுருக்கெழுத்துமே ஆகும். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ ஒரு பயிலகத்தில் மாலைதோறும் விசைகளைத் தட்டிப் பழகி, நிமிடத்திற்கு 45 சொற்கள் என்னும் முதுநிலைத் தேர்வைத் தாண்டியவருக்கு வடபுலத்து அலுவலகங்களில் இடம் இருந்தது. அப்பயிற்சிக்குப் பணம் கட்டியது குடும்பம். சிலவேளை அடகுக்குப் போனது தாயின் வளையல்.

கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் தொடங்கிய தட்டச்சுப்பொறி உற்பத்தி 2009-இல் நின்றது. அதற்கு முன்பே மேலாளர்கள் தம் கடிதங்களைத் தாமே கணிப்பொறியில் எழுதத் தலைப்பட்டனர். மேலாளரின் அரைகுறை வாக்கியத்தைப் பொருள் விளங்கும் கடிதமாக்கியவர் சுருக்கெழுத்தாளர்தாம். எனினும் பதவிப் பெயரில் அத்திறமை இடம்பெறாமையால், வேகத்திற்கு விலை போனபோது அதுவும் கணக்கில் வராமல் போயிற்று.

‘காலத்திற்கேற்ப மாறிக்கொள்’ என்று அவருக்கு அறிவுரை கூறினார்கள். அறிவுரையில் பிழையில்லை, அது எப்போதும் ஒரு தரப்பாரை நோக்கியே கூறப்படுவதுதான் உறுத்துகிறது. புதிய பொறியின் ஆதாயம் நிறுவனத்திற்கு. அதைக் கற்கும் செலவும், ஐம்பது வயதில் மாணவராய் அமரும் கூச்சமும் ஊழியருக்கு. இப்பங்கீட்டை இயற்கை நியதிபோலப் பேசுகிறோம்.

1983-இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் கணிப்பொறியின் வருகை குறித்து உடன்படிக்கை செய்துகொண்டன. பொறி எவ்வாறு வரவேண்டும் என்பதை இரு தரப்பாரும் அமர்ந்து பேசினர். அதனால் வளர்ச்சி தாமதித்தது என்பார் உண்டு. தாமதித்திருக்கலாம்; அத்தாமதத்தில் ஒரு தலைமுறை மூச்சுவிட்டுக்கொண்டது. சங்கமற்ற சிறு அலுவலகத்தின் சுருக்கெழுத்தாளருக்கு அந்த அவகாசம் ஏது?

இன்று நம் பிள்ளைகள் கணிப்பொறி மொழிகளைக் கற்கிறார்கள். அம்மொழிகளிலும் பொறியே எழுதத் தொடங்கிவிட்டது. அடுத்து எதைப் படிப்பது என்று வீடுதோறும் கூடிப் பேசுகிறோம். சேரப்போகும் நிறுவனம் புதியன கற்க நேரமும், கற்கும் காலத்திற்கு ஊதியமும் தருமா என்று கேட்க மட்டும் நா எழுவதில்லை. கேட்டால் கிடைத்ததும் போய்விடுமோ என்னும் அச்சம், பிழைக்க வந்த இடத்தில் முதல் தலைமுறைக்கு இயல்பே. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் அதை நாம் ஏன் கற்பித்துக் கொண்டிருக்கிறோம்?